அச்சிடாத வெள்ளை: ஜோக்கரின் முகம் காமிக்ஸிலிருந்து தெருவுக்கு வந்த வழி

மலிவான செய்தித்தாள் காகிதத்தில் நான்கு மைகளால் அச்சான பழைய அமெரிக்க காமிக்ஸில் வெள்ளைக்கென்று தனி மை கிடையாது. எங்கே மை படவில்லையோ அங்கே காகிதம் தெரியும், அதுதான் வெள்ளை. பேட்மேன் கதைகளின் கோமாளி வில்லனான ஜோக்கரின் முகம் அப்படி உண்டானது. நீலத்தோடு மஞ்சள் சேர்ந்து தலைமுடியின் பச்சை, நீலத்தோடு மெஜந்தா சேர்ந்து கோட்டின் ஊதா, மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து உதட்டின் சிவப்பு. நடுவில் முகம் மட்டும் மை படாத வெற்றிடம். பக்கத்தில் நிற்கும் பேட்மேனோ கறுப்பும் நீலமும் சாம்பலுமாக இருட்டோடு கலந்துபோகிறவன். பக்கத்தைப் புரட்டும் சிறுவனின் கண் முதலில் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எண்பத்தைந்து ஆண்டுகளில் ஜோக்கரைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன. முகம் மறக்கவில்லை. அவனுடைய பண்பாட்டுத் தாக்கத்தைக் கதைகளின் தரத்தை வைத்து அளந்தால் கணக்கு உதைக்கும். யார் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளக்கூடிய ஒரு முகம், யாரும் நிரப்பி முடிக்காத ஒரு பூர்வீகம், இந்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் அமைந்ததுதான் அவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. அந்த முகம் ஒவ்வொரு முறையும் எப்படிச் செய்யப்பட்டது, எந்தக் காலத்து அச்சத்தைச் சுமந்தது என்று சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு சீட்டும் ஒரு புகைப்படமும்

ஜோக்கர் முதலில் தோன்றியது ‘பேட்மேன்’ முதல் இதழில். 1940 ஏப்ரல் 25 அன்று கடைக்கு வந்தது. அவனை உருவாக்கியது யார் என்பதில் மூன்று பேருக்குள் தகராறு. உயிரோடு இருந்தவரை அது தீரவில்லை. ஓவியர் பாப் கேன், எழுத்தாளர் பில் ஃபிங்கர், அப்போது 18 வயதான உதவி ஓவியர் ஜெர்ரி ராபின்சன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வேலை பார்த்த ராபின்சன், ஜோக்கர் சீட்டு ஒன்றை வரைந்து கொண்டுவந்ததாகச் சொன்னார். கேன் அதை மறுத்தார். ஃபிங்கர் கொண்டுவந்த ஒரு நடிகரின் புகைப்படமே மூலம் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமாகப் படுகிறது. பெயரையும் எண்ணத்தையும் சீட்டு தந்திருக்கிறது, முகத்தைப் புகைப்படம் தந்திருக்கிறது.

அந்தச் சீட்டுக்கே சுவையான வரலாறு உண்டு. ஜோக்கர் பழைய சீட்டுக்கட்டில் கிடையாது. 1860களில் யூக்கர் என்ற ஆட்டத்தை ஆடிய அமெரிக்கர்கள் எல்லாத் துருப்புகளையும் வெல்லும் ஒரு கூடுதல் சீட்டாக அதைச் சேர்த்தார்கள். கோமாளிப் படம் அதில் ஏறியது பிறகுதான். நான்கு இனங்களில் எதிலும் சேராது, எந்தச் சீட்டின் இடத்திலும் உட்காரும். ரம்மி ஆடுகிற எவருக்கும் அதன் மதிப்பு தெரியும். பெயர் வைத்தபோது இவ்வளவும் யோசித்திருப்பார்களா தெரியாது, ஆனால் அந்தப் பாத்திரம் பிற்காலத்தில் பயன்பட்ட விதம் இதுவேதான்.

புகைப்படத்தில் இருந்தவர் ஜெர்மானிய நடிகர் கான்ராட் வைட். விக்டர் ஹியூகோ 1869இல் எழுதிய நாவலை வைத்து, பால் லேனி இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் 1928இல் வெளியிட்ட ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ படத்தில் அவர் க்வின்ப்ளேனாக நடித்தார். அரசனை எதிர்த்த பிரபுவின் மகன். பழிவாங்கலாக அவனுடைய வாயைக் குழந்தைப் பருவத்திலேயே நிரந்தரச் சிரிப்பாக அறுத்துவிடுகிறார்கள். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் இதற்காகப் பொய்ப்பல் செட் ஒன்றைச் செய்து, வாயின் இரு ஓரங்களையும் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளை அதில் பொருத்தினார். அதை மாட்டிக்கொண்டால் பேச முடியாது. படம் மௌனப்படக் காலத்தில் எடுக்கப்பட்டதால்தான் இந்த உத்தி செல்லுபடியானது. வாய் அசையாதபோது வைட் முழு நடிப்பையும் கண்ணுக்குக் கொண்டுபோனார்: உதடு சிரிக்கும், கண் அழும். க்வின்ப்ளேன் நல்லவன், பாதிக்கப்பட்டவன். காமிக்ஸ் அவனுடைய வாயை மட்டும் எடுத்துக்கொண்டு மனத்தை விட்டுவிட்டது. அந்த மனம் திரும்பி வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் இதழ் கதையில் ஜோக்கர் வானொலியில் குறுக்கிட்டு, இன்னார் இத்தனை மணிக்குச் சாவார் என்று அறிவிக்கிறான். சொன்ன நேரத்தில் அவர் சாகிறார், முகத்தில் இழுத்துப் பிடித்த சிரிப்போடு. 1938 அக்டோபரில் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகம் ஒன்றை வானொலியில் கேட்டுப் பலர் நிஜமென்று நம்பிக் கலங்கிய நாடு அது. வீட்டுக் கூடத்துப் பெட்டியிலிருந்து வரும் குரலுக்கு அப்போது எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை அந்தக் கதை அறிந்திருக்கிறது. அதே இதழின் இரண்டாவது கதையில் ஜோக்கர் தன் கத்தியாலேயே குத்துப்பட்டுச் சாவதாகத்தான் ஃபிங்கர் எழுதியிருந்தார். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் இவ்வளவு நல்ல வில்லனை வீணாக்கக் கூடாது என்று தடுத்து, அவன் பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொல்லும் ஒரு கட்டத்தைக் கடைசியில் அவசரமாகச் சேர்க்கச் செய்தார்.

ஃபிங்கர் 1974இல் இறந்தார். பேட்மேன் படைப்பில் அவருக்கான பங்கைத் திரையிலும் அச்சிலும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள 2015 ஆயிற்று. ஜோக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடிகர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு இவரை விட்டுவிடுவது நியாயமே இல்லை.

கொலைகாரன் குறும்பனான காலம்

1940களின் நடுவிலேயே கதைகள் மென்மையாகத் தொடங்கிவிட்டன. 1954இல் அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறதா என்று விசாரித்தது. அதே ஆண்டில் பதிப்பாளர்கள் சேர்ந்து காமிக்ஸ் கோட் என்ற சுயதணிக்கை விதிகளைக் கொண்டுவந்தார்கள். குற்றவாளி மேல் அனுதாபம் வரக் கூடாது, எந்தக் குற்றமும் தண்டனை இல்லாமல் முடியக் கூடாது. ஜோக்கர் இதற்குள் அடங்க வேண்டுமென்றால் கொலையை விட்டாக வேண்டும். விட்டான். விநோதத் திருட்டுகள் செய்யும் கோமாளி ஆனான்.

1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் சீசர் ரொமேரோ அந்தக் கோமாளியைத்தான் நடித்தார். அவர் தம் மீசையை மழிக்க மறுத்துவிட்டார். மீசைக்கு மேலேயே வெள்ளைச் சாயம் பூசினார்கள். அருகில் எடுத்த காட்சிகளில் சாயத்தை மீறி மயிர்கள் துருத்திக்கொண்டு தெரியும். எண்ணெய்ச் சாயம் தோலில்தான் படலமாகப் படியும். மயிரில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு, விளக்கொளியில் நிழல் விழ வைக்கும். அன்றைய சிறிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை.

1973இல் ‘பேட்மேன்’ 251ஆம் இதழில் எழுத்தாளர் டென்னிஸ் ஓ’நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் அவனைத் திரும்பவும் கொலைகாரனாக்கினார்கள். 1975இல் அவன் பெயரிலேயே தனி இதழ் வந்தது. ஒன்பது இதழ்களோடு நின்றுபோயிற்று. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கோட் விதிப்படி ஒவ்வொரு இதழின் முடிவிலும் அவன் தோற்றாக வேண்டும். கதாநாயகனே ஒவ்வொரு மாதமும் தோற்றுப் பிடிபடும் இதழை எத்தனை நாள்தான் வாங்குவார்கள்?

பூர்வீகம் இல்லாத மனிதன்

பேட்மேனின் கதை எல்லோருக்கும் தெரியும்: சந்தில் சுடப்பட்ட பெற்றோர், அனாதையான சிறுவன். ஜோக்கருக்கு முதல் பத்தாண்டுகளுக்கு எந்தக் கதையும் கிடையாது. 1951 பிப்ரவரியில் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 168ஆம் இதழ் ஒன்றைக் கொடுத்தது. சிவப்பு முகமூடி போட்ட திருடன் ஒருவன் சீட்டுக்கட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் திருடிவிட்டு, தப்பிக்க ரசாயனக் கழிவில் குதிக்கிறான். வெள்ளைத் தோலும் பச்சை முடியுமாக வெளியே வருகிறான். அதற்கு முன் அவன் யார்? பெயர் என்ன? அந்தக் கதை சொல்லவில்லை.

1988இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ அந்த இடத்தை நிரப்புவதுபோல் தோன்றியது. பிழைக்க வழியில்லாத நகைச்சுவைக் கலைஞன், கர்ப்பிணி மனைவி, ஒரே நாளில் எல்லாம் சரிவது. ஆனால் அதே கதையில் ஜோக்கரே தன் கடந்த காலம் தனக்கு ஒவ்வொரு முறையும் வேறாக நினைவு வருகிறது, தேர்வுத்தாளில் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல் இருந்தால்தான் பிடிக்கும் என்ற பொருளில் பேசி, சொன்னதையெல்லாம் குலைத்துவிடுகிறான். 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ திரைப்படத்தில் வாய்த் தழும்பு எப்படி வந்தது என்று அவன் ஒருவரிடம் ஒரு கதையும் இன்னொருவரிடம் வேறு கதையும் சொல்வதும் இதே வித்தை. பின்னால் வந்த எந்தக் கலைஞரும் முந்தையவர் சொன்னதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கலாம். இவ்வளவு சுதந்திரம் தரும் காமிக்ஸ் வில்லன் வேறு யாரும் இல்லை.

‘தி கில்லிங் ஜோக்’குக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதில் ஜோக்கர், பேட்கேர்ல் என்ற நாயகியாக இருந்த பார்பரா கார்டனைச் சுடுகிறான், அவர் முடமாகிறார். ஒரு பெண்ணின் துன்பம் ஆண்களின் கதையை நகர்த்தும் கருவியாக மட்டும் இருப்பதாக எழுந்த விமர்சனம் சரியானதே. மூரே பிற்காலத்தில் அந்தப் படைப்பைப் பற்றி நல்லபடியாகப் பேசவில்லை. அந்தத் தவற்றுக்குப் பரிகாரம் செய்தவர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும்: சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினியால் மற்ற நாயகர்களை வழிநடத்தும் ‘ஆரக்கிள்’ ஆக 1989இல் பார்பராவை மறுபடி எழுப்பினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்படியே இருந்தார். மாற்றுத்திறனாளி வாசகர் பலருக்கு அவர்தான் ஆதர்சம்.

அதே 1988இல் ‘பேட்மேன்’ கதைத்தொடர் ஒன்றில் ஜோக்கரிடம் சிக்கிய, பேட்மேனின் இளம் துணைவனான இரண்டாவது ராபின் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களே தொலைபேசியில் வாக்களிக்கும்படி இரண்டு எண்கள் அச்சாயின. அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்குகளில் ராபின் இறந்தான். ஒரே ஆள் எத்தனை முறை அழைத்தாலும் தடுக்க வழி இல்லாத முறை அது. யாரோ ஒருவர் கணினியை வைத்துத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கலாம் என்று அப்போது ஆசிரியராக இருந்த ஓ’நீலே பின்னாளில் சந்தேகப்பட்டார். ஜோக்கரின் கைக்கு வாசகர்களையே உடந்தையாக்கிய ஒரு நிகழ்வாக அது காமிக்ஸ் வரலாற்றில் நிற்கிறது.

மூன்று நடிகர்கள், மூன்று சாயங்கள்

1989இல் டிம் பர்ட்டன் இயக்கத்தில் ஜாக் நிக்கல்சன். ஒப்பனை நிக் டட்மன். சாதாரண எண்ணெய்ச் சாயத்தைப் பூசினால் காலரில் உரசும், வியர்வையில் வழியும், மணிக்கொரு முறை திருத்த வேண்டும். அதற்குப் பதிலாக டட்மன் பாக்ஸ் என்ற கலவையைப் பயன்படுத்தினார். மருத்துவப் பயன்பாட்டுக்கான பசையோடு அக்ரிலிக் வண்ணம் சேர்ந்தது அது. காய்ந்தபின் ரப்பர்போல் தோலோடு சேர்ந்து நெளியும், ஒட்டவைத்த செயற்கை உறுப்புகளின் மேலும் ஒரே சீராகப் படியும். படத்தில் இந்த ஜோக்கருக்கு வெள்ளைதான் உண்மையான தோல்; மனிதர்களிடையே நடமாடும்போது மாநிறப் பூச்சைத்தான் வேஷமாகப் பூசிக்கொள்கிறான். கடைகளில் விற்கும் அழகுசாதனப் பொருள்களில் அவன் விஷம் கலக்கிறான். 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ தலைவலி மாத்திரைகளில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்த நினைவு அப்போது அமெரிக்கர்களுக்கு ஆறவே இல்லை. மருந்துப் புட்டிகளுக்கு உடைத்தால் தெரியும் முத்திரை வந்ததே அதன் பிறகுதான். 1940இன் வானொலி இங்கே கடை அலமாரி ஆகியிருக்கிறது.

2008இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘தி டார்க் நைட்’ படத்தில் ஹீத் லெட்ஜர். இங்கே வெள்ளை தோலின் நிறம் அல்ல, இவனே கையால் பூசிக்கொண்ட சாயம். ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனின் சிதைந்த முகங்களை நோலன் மாதிரியாகக் காட்டினார். ஒப்பனைக் கலைஞர் ஜான் காக்லியோனின் முறை எளிமையானது. லெட்ஜர் நெற்றியைச் சுருக்கி, முகத்தைக் கோணிக்கொள்வார். அந்த நிலையில் வெள்ளை பூசப்படும். முகத்தைத் தளர்த்தியதும் சாயம் படாத மடிப்புகள் விரிந்து வெடிப்புகளாகத் தெரியும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு பூசும்போது இறுக்கி மூடிக்கொள்வார். பிறகு மேலே நீர் தெளித்து, தலையை உதறினால் கறுப்பு வழியும். கன்னத் தழும்புகளைக் கானர் ஓ’சல்லிவன் சிலிக்கோனில் செய்தார். பழைய முறையில் மணிக்கணக்கில் ஆகும் வேலை அரைமணிக்குள் முடிந்தது. பேசப் பேச உதட்டோரத் துண்டுகள் தளர்ந்து போக, அவற்றை நாவால் தடவி ஒட்டவைக்கப் போய்த்தான் உதட்டை நக்கும் அந்தப் பழக்கம் பாத்திரத்துக்குள் வந்தது என்று படப்பிடிப்பில் உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைக்காமிராவில் பிணைக்கைதியை மிரட்டிப் பதிவுசெய்து தொலைக்காட்சிக்கு அனுப்புகிற இந்த ஜோக்கர், 2001 செப்டம்பருக்குப் பிந்தைய உலகின் ஆள். பணம் அவன் குறி அல்ல; பேட்மேன் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்பதுதான் அந்தப் பதிவில் அவன் கோரிக்கை. பேரம் பேச வழியில்லாத எதிரி.

2019இல் டாட் ஃபிலிப்ஸ் இயக்கிய ‘ஜோக்கர்’ படத்தில் வாக்கீன் ஃபீனிக்ஸ். பாத்திரத்துக்காக 52 பவுண்டு, ஏறக்குறைய 24 கிலோ எடை குறைத்தார். அவ்வளவு மெலிந்த உடம்பை மறுபடி கொண்டுவர முடியாது என்பதால், எடுத்த காட்சியைச் சில மாதம் கழித்துத் திருப்பி எடுக்கலாம் என்ற வசதி படக்குழுவுக்கு இல்லை. இந்தப் படத்தில் ஜோக்கராக மாறும் ஆர்தர் நாள் வாடகைக்குப் போகும் கோமாளி. ஆகவே அவன் சாயம் தொழில்சாயம், எந்த நாடகப் பொருள் கடையிலும் கிடைக்கும் வெள்ளை, சிவப்பு, நீலம். நகராட்சி நிதியைக் குறைக்க, அவனுடைய மனநல ஆலோசனையும் மாத்திரையும் நிற்கின்றன. கட்டுப்படுத்த முடியாத சிரிப்பு அவனுக்கு நோய். மூளை நரம்பு பாதிப்பால் உணர்ச்சியோடு தொடர்பில்லாமல் சிரிப்போ அழுகையோ பீறிடும் நிலை உண்மையிலேயே மருத்துவத்தில் உண்டு. க்வின்ப்ளேனின் வலி தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முகத்துக்குத் திரும்பி வந்தது இங்கேதான். மனநோயாளி என்றால் வன்முறையாளன் என்ற தவறான எண்ணத்தைப் படம் வலுப்படுத்துகிறது என்று மருத்துவர்கள் எழுப்பிய மறுப்பும் நியாயமானது. மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதுதான் அதிகம்.

படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டியது. 11 ஆஸ்கர் பரிந்துரைகளில் நடிகருக்கும் இசைக்குமாக இரண்டு விருதுகள். லெட்ஜருக்கு 2009இல் மறைவுக்குப் பின் துணைநடிகர் விருது கிடைத்திருந்தது. ஒரே பாத்திரத்துக்காக இரண்டு நடிகர்கள் ஆஸ்கர் வாங்கியது அதற்கு முன் ‘காட்ஃபாதர்’ படங்களின் விட்டோ கார்லியோனே ஒருவனுக்குத்தான் நடந்தது.

திரைக்கு வெளியே, 1992இல் தொடங்கிய அனிமேஷன் தொடரின் பங்கும் பெரிது. மார்க் ஹாமில் அதில் கொடுத்த குரலே இன்றும் பலர் காதில் ஜோக்கரின் குரல். அதே தொடரில் ஒரே ஒரு பகுதிக்காக பால் டினியும் புரூஸ் டிம்மும் உருவாக்கிய, ஜோக்கரின் கையாள் ஹார்லி க்வின். அவனால் ஏமாற்றப்பட்டு, அடிபட்டு, மறுபடி அவனிடமே திரும்பும் மனநல மருத்துவர். வன்முறை உறவிலிருந்து ஒரு பெண் வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதைக் குழந்தைகள் நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்த பாத்திரம் அது. தொலைக்காட்சியில் பிறந்து பிறகு காமிக்ஸுக்குப் போய், இன்று ஜோக்கரே தேவையில்லாமல் தனித்து நிற்கிறாள். “ஜோக்கரும் ஹார்லியும்போல் ஒரு காதல்” என்று சட்டையில் அச்சிட்டு விற்பதைப் பார்க்கும்போது மட்டும் மனம் வேதனைப்படுகிறது.

ஒட்டிக்கொண்ட இரண்டு பொய்கள்

ஜோக்கர் வேடமே லெட்ஜரைக் கொன்றது என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. அவர் 2008 ஜனவரி 22 அன்று நியூயார்க்கில் இறந்தார். ‘தி டார்க் நைட்’ படப்பிடிப்பு அதற்குப் பல வாரங்கள் முன்பே முடிந்து, அவர் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். வலிநிவாரணிகள், பதற்றத்துக்கான மாத்திரைகள், தூக்க மருந்துகள் என ஆறு மருந்துகள் உடலில் சேர்ந்து செயல்பட்டதால் நேர்ந்த விபத்து என்பதே நகர மருத்துவப் பரிசோதகரின் முடிவு. தனித்தனியாக மயக்கம் தரும் மருந்துகள் ஒன்றுசேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். இந்தப் பாடம்தான் பரவியிருக்க வேண்டும், பரவியது பேய்க்கதை.

2012 ஜூலை 20 அன்று கொலராடோ மாநிலம் அரோராவில், பேட்மேன் படம் ஓடிய திரையரங்கில் ஒருவன் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அவன் தன்னை ஜோக்கர் என்று சொல்லிக்கொண்டதாக அன்றே செய்தி பரவியது. அதைச் சொன்னவர் நியூயார்க் நகரக் காவல் ஆணையர். வழக்கை விசாரித்த ஊர் அதிகாரி அல்ல. சாயம் பூசிய தலைமுடியை ஆதாரமாகக் காட்டினார்கள், ஆனால் அவன் முடி செம்மஞ்சள், ஜோக்கரின் முடி பச்சை. விசாரணையில் அந்தப் பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. முதல் நாள் வதந்தியே நிலைத்துவிட்டது. 2019 படம் வந்தபோது அரோராவின் அந்தத் திரையரங்கு அதைத் திரையிடவில்லை. சில அமெரிக்கத் திரையரங்குகள் முகமூடிக்கும் முகச்சாயத்துக்கும் தடை போட்டன. உறவுகளை இழந்த குடும்பங்களின் மனம் அறிந்து நடந்தது சரி. பொய்யின் அடிப்படையில் ஒரு பாத்திரத்தைக் குற்றவாளி ஆக்கியது சரியல்ல.

சாயம் தெருவுக்கு வந்தது

அரசியலில் இந்த முகம் முதலில் பெரிதாகத் தென்பட்டது 2009இல், அமெரிக்க அதிபர் ஒபாமாவின் படத்தில் லெட்ஜரின் சாயத்தை ஏற்றி, ‘சோஷலிசம்’ என்று கீழே அச்சிட்ட சுவரொட்டிகளில். அங்கே அது எதிரியின் மேல் பூசிய முகம். பத்து ஆண்டில் நிலைமை தலைகீழானது.

2019 அக்டோபர் முதல் வாரத்தில் படம் வெளியானது. அதே வாரம் ஹாங்காங் அரசு போராட்டங்களில் முகத்தை மறைக்கத் தடை விதித்தது. 17ஆம் தேதி லெபனானில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு வரி என்ற அறிவிப்பு மக்களைத் தெருவுக்கு இழுத்தது. அடுத்த நாள் சிலியில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ கூடியதை ஒட்டிய போராட்டம் கலவரமாயிற்று. பெய்ரூட்டிலும் சாந்தியாகோவிலும் ஹாங்காங்கிலும் ஜோக்கர் முகங்கள் கூட்டத்தில் தெரிந்தன. பெய்ரூட் சுவரில் பெட்ரோல் குண்டோடு அவன் உருவம் வரையப்பட்டது. படம் அந்தப் போராட்டங்களை உண்டாக்கவில்லை. ஊழலும் விலைவாசியும் அடக்குமுறையும் உண்டாக்கின. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு முகம் இருந்தது, எடுத்துப் பூசிக்கொண்டார்கள்.

பத்தாண்டுக்கு முன் இதே வேலையைச் செய்தது இன்னொரு காமிக்ஸ் முகம்: ‘வி ஃபார் வெண்டெட்டா’ கதைக்காக டேவிட் லாய்ட் வரைந்த ‘கை ஃபாக்ஸ்’ முகமூடி. ஆனால் அது தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக். உரிமம் பெற்ற முகமூடி ஒவ்வொன்று விற்கும்போதும் ஒரு பங்கு பன்னாட்டு ஊடக நிறுவனமான டைம் வார்னருக்குப் போனது. கார்ப்பரேட்டை எதிர்த்த கூட்டம் கார்ப்பரேட்டுக்கே காசு கட்டியது. ஜோக்கர் முகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்று நிறச் சாயம் இருந்தால் போதும், உரிமத்தொகை யாருக்கும் கிடையாது. இருவர் பூசினால் இரண்டு விதமாக வரும், கோணலாக வந்தாலும் அடையாளம் கெடாது. சொல்லப்போனால் கோணலாக வந்தால்தான் லெட்ஜரின் முகம்.

நாடகத்துக்கோ கல்லூரி விழாவுக்கோ இதைப் பூசுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. போஸ்டர் கலரும் துணிச்சாயமும் முகத்துக்கானவை அல்ல, தோல் வெந்துபோகும். முகத்துக்கென்று விற்கும் சாயத்தையும் முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். நீர்ச் சாயம் எளிதில் காயும், ஆனால் பேசத் தொடங்கிய அரைமணியில் வாயைச் சுற்றி உதிரும். எண்ணெய்ச் சாயம் உதிராது, ஆனால் தொட்டால் ஈஷும். எண்ணெய்ச் சாயமே மேல்: ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி இரண்டு மெல்லிய பூச்சு, மேலே நிறமற்ற பவுடரைப் பஃபால் அழுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மிகுதியைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மடிப்புகளில் திரண்டு கட்டிதட்டும். வெள்ளை இறுகிய பிறகுதான் கறுப்பு, கடைசியாகச் சிவப்பு. வரிசை மாறினால் எல்லாம் கலந்து சாம்பலாகிவிடும். நம் கறுமையான முடியில் பச்சை ஸ்பிரே சரியாகத் தெரியாது. நிறம் கலந்த ஹேர் வேக்ஸ் ஓரளவு எடுபடும். கலைக்கும்போது சோப்பைத் தேடாமல் முதலில் தேங்காய் எண்ணெய்.

இனி யாருக்குச் சொந்தம்

2024இல் வந்த இரண்டாம் பாகம் வசூலில் விழுந்தது. அது ஆர்தரிடமிருந்து ஜோக்கரைப் பிரித்து, இவன் அவன் இல்லை என்று சொல்லப் பார்த்தது. துணிச்சலான எண்ணம்தான், ஆனால் முகம் அதற்குள் ஆர்தரை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது.

சட்டப்படியும் அது நிறுவனத்தின் கையை விட்டு நழுவும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் காலத்து நிறுவனப் படைப்புகளுக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். கான்ராட் வைட் நடித்த 1928 படம் 2024 ஜனவரி 1 அன்றே பொதுவுடைமை ஆகிவிட்டது. 1940 ‘பேட்மேன்’ முதல் இதழின் ஜோக்கர் 2036 ஜனவரி 1 அன்று ஆவான். அன்றிலிருந்து அந்த இதழில் உள்ள வெள்ளை முகம், பச்சை முடி, ஊதாக் கோட்டு, சிரிக்க வைத்துக் கொல்லும் விஷம் ஆகியவற்றை அமெரிக்காவில் எவரும் அனுமதியின்றிக் கதையாக்கலாம். ரசாயனத் தொட்டிக் கதை 1951இல் வந்ததால் அதற்கு 2047 வரை பொறுக்க வேண்டும். ஹார்லி க்வின்னுக்கு 2088 வரை. லெட்ஜரின் தழும்புகள் இன்னும் தொலைவில். வணிகச்சின்ன உரிமை தனி. ஜோக்கர் என்ற பெயரைப் பொம்மைப் பெட்டியின் மேல் அச்சிட்டு விற்பதை நிறுவனம் அதன் பிறகும் தடுக்கப் பார்க்கும். எழுதவும் வரையவும் நினைக்கிறவர்கள் 1940 இதழை இப்போதே கையில் வைத்துக்கொண்டு, எது அந்த இதழில் இருக்கிறது, எது பின்னால் சேர்ந்தது என்று பக்கம் பக்கமாகக் குறித்து வைப்பது நல்லது.